பாடப்பட்ட மரமும் பாடும் மரமும்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் இருக்கிறது. ஊர் சிறிது, அதன் புகழ் பெரிது. பதினெட்டாம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. மலையையும் அருவியையும் சாரலையும் சொல்லாக்கி, அச்சொல்லை இசையாக்கி வைத்துச் சென்றவர் அவர். குறவஞ்சி படிப்பதற்கு மட்டும் எழுந்த நூலன்று. பாடுவதற்கும் ஆடுவதற்கும் எழுந்த நூல். ஆகவே, இயற்கைப் பொருள் ஒன்று எவ்வாறு இசையாகிறது என்பதைப் பற்றிப் பேசும்போது, மேலகரத்திலிருந்து தொடங்குவது பொருத்தமே.

முதலில் தொலைவில் உள்ளதைச் சிறிது பார்த்துவிட்டு வருவோம். மேல்நாட்டு இசையில் ‘ஸ்டிரிங் குவார்ட்டெட்’ என்று ஓர் அமைப்பு உண்டு. தமிழில் அதனை ‘நரம்பிசை நால்வர்’ எனலாம். வயலின் இரண்டு, அதனினும் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, காலிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று ஆகிய நான்கும் சேர்ந்து இசைப்பது அது. அதற்காக எழுதப்படும் இசைக்கும் அதே பெயர்தான். ஆஸ்திரிய நாட்டு ஹைடன் (1732–1809) அவ்வமைப்புக்கு நிலைத்த வடிவம் தந்தவர். அறிவுடையார் நால்வர் அமர்ந்து உரையாடுவது போன்றது அவ்விசை என்று ஜெர்மானியக் கவிஞர் கதே கருதினார். நம் கச்சேரியில் பாடுபவர் ஒருவர் முன்னிற்க, மற்றவர் துணை நிற்பர். நரம்பிசை நால்வரிலோ ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கி, மறுத்தோ வளர்த்தோ சொல்வர்.

இந்த நால்வர் இன்று எதைப் பற்றி உரையாடுகிறார்கள்? அமெரிக்க நாட்டு இசையமைப்பாளர் கரோலின் ஷா 2012-இல் ‘வலென்சியா’ என்னும் ஒரு நால்வரிசையை எழுதினார். வலென்சியா என்பது ஆரஞ்சுப் பழத்தின் ஒரு வகை. நாம் நாள்தோறும் உரித்துத் தின்னும் பழந்தான். அதன் சுளையைப் பிளந்து பார்த்தால், மெல்லிய தோல் போர்த்த நூற்றுக்கணக்கான சாற்றுப் பைகள் நெருங்கிக் கிடப்பதைக் காணலாம். இத்தனை எளிய பொருளுக்குள் இத்தனை நுட்பமான கட்டமைப்பா என்ற வியப்பே அந்த இசைக்கு வித்தாயிற்று.

நெடுங்காலம் அலாஸ்காவில் வாழ்ந்த ஜான் லூதர் ஆடம்ஸ் என்பவர் 2011-இல் மற்றொரு நால்வரிசையை எழுதினார். உயர்ந்த இடங்களில் வீசும் காற்று என்று அதன் பெயருக்குப் பொருள். அதனை வாசிக்கும் நால்வரும் தந்தியை விரலால் அழுத்திக் கழுத்துப் பலகையில் பதிப்பதே இல்லை. கட்டிய தந்தி தானாக எந்தெந்த ஒலிகளைத் தருமோ, அந்த ஒலிகளைக் கொண்டே இசை முழுவதும் அமைகிறது. காற்று வந்து மீட்டிச் செல்லும் யாழ் போல அக்கருவிகள் ஒலிக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

ஒருவர் பழத்தைப் பார்த்தார். மற்றொருவர் காற்றைக் கேட்டார். இவற்றை அறியும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. இயற்கைப் பொருளை இப்படி உற்று நோக்கி இசை செய்யும் மரபு நம்மிடம் உண்டா? இதற்கு விடை தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மேலகரத்திலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்து குற்றாலநாதர் கோயிலுக்குள் நுழைந்தால் போதும். விடை அங்கே மரமாக நிற்கிறது.

குற்றாலத்தின் தலமரம் பலா. குறும்பலா என்று அதனைச் சிறப்பித்துச் சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு இரண்டு பதிகங்கள் அருளியிருக்கிறார். ஒன்று குற்றாலம் என்ற ஊரைச் சொல்வது. மற்றொன்று குறும்பலா என்ற பெயராலேயே கோயிலைச் சுட்டுவது. ஒரு மரத்தின் பெயர் கோயிலின் பெயராகி, அப்பெயரால் ஒரு பதிகமும் எழுந்த சிறப்பு இம்மரத்துக்கு வாய்த்தது.

அவ்விரு பதிகங்களுள் முதலாவது அமைந்த பண் குறிஞ்சி. மலைக்குரிய நிலத்துக்குக் குறிஞ்சி என்று பெயர் வைத்தார்கள். மலைக்குரிய பண்ணுக்கும் அப்பெயரே வைத்தார்கள். குற்றால மலையைக் குறிஞ்சிப் பண்ணில் பாடுவது எத்தனை பொருத்தம்! அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே குற்றாலத்துச் சோலையில் வண்டுகள் யாழின் ஒலி செய்வதாகச் சம்பந்தர் காட்டுகிறார். சம்பந்தரோடு உடன் சென்று, அவர் பாடலை யாழில் இட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். யாழின் ஒலியை நாள்தோறும் அருகிருந்து கேட்ட செவி, மலைச்சாரலில் வண்டின் ஒலியைக் கேட்டு, இதுவும் யாழே என்று உணர்ந்தது.

இதற்கு மறுதலையான காட்சி ஒன்று சங்க நூலில் இருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். தீக்கடைகோலால் துளையிட்ட குழலை அவன் முதலில் ஊதுகிறான். அது சலித்தபின் வில்யாழை எடுக்கிறான். அந்த யாழை அவன் எங்கும் விலை கொடுத்து வாங்கவில்லை. உள்ளே துளையுடைய குமிழ மரக்கிளையை வளைத்து, மரல் என்னும் செடியின் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டிக்கொள்கிறான். அதில் விரலால் குறிஞ்சிப் பண்ணை எழுப்புகிறான். அதைக் கேட்ட வண்டுகள், தம் இனத்தின் குரல் என்று எண்ணிச் செவி சாய்க்கின்றனவாம். சம்பந்தர் பாட்டில் வண்டின் ஒலி யாழாயிற்று. இடையன் கையிலோ யாழின் ஒலி வண்டாயிற்று.

இந்த நூல் நமக்குக் கிடைத்த வரலாற்றிலும் மேலகரத்துக்கு ஒரு பங்கு உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் தமிழ் கற்றபோது அதன் தலைவராக இருந்து அவரை ஆதரித்தவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். 1888-இல் தேசிகர் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1889-இல், ஐயரவர்களின் பத்துப்பாட்டுப் பதிப்பு வெளிவந்தது. ஏட்டில் உறங்கிய இடையனின் வில்யாழ் அச்சில் எழுந்தது.

இனி, மரத்துக்கும் இசைக்கும் உள்ள உறவை அறிவியல் வழியாகச் சிறிது ஆராய்வோம். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கம்பியை இரு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டி மீட்டுங்கள். ஒலி மெலிந்து கேட்கும். அதே கம்பியை ஒரு மரப்பெட்டியின் மேல் சிறு கட்டை ஒன்றைத் தாங்கலாக வைத்துக் கட்டி மீட்டுங்கள். ஒலி அறை முழுவதும் பரவும். கம்பி மெல்லியது, அதனால் மிகுதியான காற்றை அசைக்க இயலாது. அதன் அதிர்வைத் தாங்கல்கட்டை வாங்கிப் பலகைக்குத் தருகிறது. அகன்ற பலகை அதிரும்போது அதனோடு காற்றும் அதிர்கிறது. நாம் தந்தியின் இசை என்று சொல்வதில் பெரும்பகுதி மரத்தின் இசைதான்.

மரம் என்றால் எல்லா மரமும் ஒன்றல்ல. ஒரே மரத்தில் எல்லாத் திசையும் ஒன்றல்ல. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். வயலினின் மேற்பலகைக்குப் பயன்படும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தில், நார் ஓடும் போக்கில் அது ஏறத்தாழ 5,000 மீட்டர் செல்லும். நாருக்குக் குறுக்கே சென்றால் வேகம் மிகக் குறைந்துவிடும். இலேசாகவும் இருக்க வேண்டும். விறைப்பாகவும் இருக்க வேண்டும். இவ்விரு குணங்களும் சேர்ந்திருப்பதால்தான் ஐரோப்பியத் தச்சர்கள் ஸ்புரூஸை மேற்பலகைக்கும், உறுதியான மேப்பிள் மரத்தைப் பின்பலகைக்கும் தேர்ந்தார்கள். நால்வரிசையின் நான்கு கருவிகளும் இவ்விரு மரங்களின் பிள்ளைகளே.

அந்த வயலின் நம் நாட்டுக்கு வந்து நம் இசையைக் கற்றுக்கொண்ட கதையும் தென்பாண்டி நாட்டோடு தொடர்புடையது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கியவர்களுள் முன்னோடி. அவர் எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக விளங்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அக்கருவியில் பெற்ற தேர்ச்சியைப் பாராட்டி, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். அயல்நாட்டு மரம் நம் கமகத்தைப் பழகியது.

நம் நாட்டில் ஸ்புரூஸும் மேப்பிளும் வகித்த இடத்தை வகித்தது எது? பலா. குற்றாலத்துக் கோயிலில் வணங்கப்படும் அதே பலா. வீணை பலா மரத்தாலானது. தம்புரா பலா மரத்தாலானது. மிருதங்கத்தின் கட்டை பலா. தவிலின் கட்டை பலா. கஞ்சிராவின் வளையமும் பலா. சுருதி கூட்டுவது, இராகம் பாடுவது, தாளம் கொடுப்பது என்ற மூன்று தொழிலையும் ஒரே மரத்தின் மக்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீணைக் கச்சேரி மேடையை உற்றுப் பாருங்கள். அது ஒரு பலாத்தோப்பு.

பலாவில் அப்படி என்ன இருக்கிறது? அதன் வைரம் செதுக்குவதற்கு இணங்கும். ஆனால் எளிதில் பிளவாது. கறையான் அதனை விரைவில் அண்டாது. அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிவந்து பழுப்பேறும். அதிர்வை வாங்கி உடனே இழந்துவிடாமல் சற்று நேரம் தாங்கி நிற்கும். வீணையில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அந்த ஒரே மீட்டில் தந்தியை இழுத்து அடுத்த சுரங்களைத் தொடுகிறார்களே, அதற்கு ஒலி நீடித்து நின்றால்தானே முடியும்? நம் கமகம் மரத்தின் பொறுமையை நம்பி வாழ்கிறது.

தஞ்சாவூரில் வீணை செய்வோர் பண்ணுருட்டிப் பகுதியின் பலா மரத்தை விரும்பி வாங்குவர். முப்பது நாற்பது ஆண்டாவது நின்று வைரமேறிய மரமே அவர்களுக்கு வேண்டும். குடம், தண்டி, யாளிமுகம் மூன்றையும் ஒரே மரத்துண்டிலிருந்து குடைந்து எடுத்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் அது ஒட்டு வீணை. குடத்தைக் குடையும்போது சுவர் தடித்துவிட்டால் ஒலி அடங்கிவிடும். மெலிந்துவிட்டால் குடம் தாங்காது. தட்டிப் பார்த்து, அது தரும் ஒலியைக் கேட்டு, உளி எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தச்சர் முடிவு செய்கிறார். அளவுகோல் சொல்லாததைக் காது சொல்கிறது.

பிறகு மேளம் கட்டுதல் என்னும் வேலை. தேன்மெழுகோடு கரி சேர்த்துக் குழைத்த கலவையைத் தண்டியின் மேல் இரு வரிசையாக அமைத்து, அதில் 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். வாசிக்கும் தந்திகள் நான்கு; தாளத்துக்குரிய பக்கத் தந்திகள் மூன்று. 24 மெட்டுகளும் நிலையாகப் பதிந்த இந்த அமைப்பு, பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதென்று சொல்வார்கள். ஒவ்வொரு மெட்டும் செவியால் இடம் அறிந்து வைக்கப்படுகிறது. வெயில் காலத்தில் மெழுகு இளகினால் மறுபடியும் மேளம் கட்ட வேண்டும். மரம், மெழுகு, உலோகம் என்ற மூன்றின் குணத்தையும் அறிந்தவரே இதைச் செய்ய முடியும்.

ஆரஞ்சுச் சுளையைக் கண்டு வியந்த அமெரிக்க அம்மையார் செய்ததும், பலாவைத் தட்டிக் கேட்கும் தஞ்சைத் தச்சர் செய்வதும் அடிப்படையில் ஒரே செயலே. பொருளின் மேல் தம் விருப்பத்தைத் திணிக்கும் முன்னர், அந்தப் பொருள் என்ன சொல்கிறது என்று இருவரும் கேட்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. ஆரஞ்சைப் பற்றிய இசை மேப்பிளிலும் ஸ்புரூஸிலும் ஒலிக்கிறது. நம் நாட்டிலோ எந்த மரம் பாடப்பட்டதோ அந்த மரமே பாடவும் செய்கிறது. பலாவைப் பாடிய பதிகத்தை ஒருவர் வீணையில் வாசித்தால், பலா தன்னைப் பற்றிய பாட்டைத் தானே இசைக்கிறது.

மாணவ நண்பர்களே, இந்தப் பெருமையோடு பேச்சை நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்தக் கூடாத காரணம் ஒன்று இருக்கிறது.

ஓர் இசைக்கருவி எப்படி மறையும் என்பதைத் தமிழர் ஒரு முறை கண்டவர்கள். சங்க காலத்தில் பேரியாழும் சீறியாழும் ஊர் ஊராகச் சென்றன. சம்பந்தர் காலத்திலும் யாழ் இருந்தது. அதன் பின் அது வழக்கொழிந்தது. பண்டை யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், பழைய பாடல்களிலும் உரைகளிலும் உள்ள குறிப்புகளைத் திரட்டி, கணக்கு வழியாக யாழின் உருவத்தையும் நரம்புகளின் முறையையும் மீட்க முயன்றார். அவருடைய யாழ்நூல் 1947 ஜூன் திங்களில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். யாழைப் பற்றிய பாட்டு நம்மிடம் இருந்தது. யாழைச் செய்யும் கை இல்லை. பாட்டைக் கொண்டு கருவியை ஊகிக்க ஒரு பேரறிஞரின் நெடுங்கால உழைப்பு வேண்டியிருந்தது.

வீணைக்கு அந்த நிலை வரக்கூடாது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூருக்கு அருகே கரை கடந்தது. பண்ணுருட்டிப் பகுதியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. உழவர்கள் தம் வாழ்வை இழந்தார்கள். அவர்கள் இழப்போடு ஒப்பிட்டால் இசையின் இழப்பு சிறிதுதான். எனினும் எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டில் அங்கே நட்ட பலாக்கன்று வீணைக்குரிய முதிர்ச்சி பெற 2045 அல்லது 2050 ஆகிவிடும். அந்த வீணையை வாசிக்கப் போகிறவர் இன்னும் பிறவாதவராகவும் இருக்கலாம். நெல்லை விதைத்தவன் தானே அறுப்பான். வீணைக்குப் பலா நடுகிறவன், தான் கேட்கப் போகாத இசைக்காக நடுகிறான்.

மரம் மட்டும் இருந்தால் போதாது. தட்டிக் கேட்கும் காதும் இருக்க வேண்டும். அந்தக் காது புத்தகத்தால் வருவதன்று; தந்தையின் பட்டறையில் மகன் உட்கார்ந்து, ஆசிரியரின் அருகில் மாணவன் உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் பெறுவது. தம்புராவின் இடத்தில் மின்கருவி வந்திருக்கிறது. அது எளிது, மலிவு, சுமையற்றது; அதனை இகழ வேண்டியதில்லை. ஆனால் வாங்குவார் குறைந்தால் செய்வாரும் குறைவர். செய்வார் குறைந்தால் அக்கேள்வி ஞானம் அறுந்துபோகும். தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அது பெயரைக் காக்கும். தொழிலைக் காப்பது நாம் அக்கருவியை வாங்குவதும் கற்பதும் கேட்பதுமே.

ஆகவே உங்களுக்கு மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது: அடுத்த முறை வீணை இசை கேட்கும்போது, இராகத்தின் பெயரைத் தேடும் முன் ஒரு சுரம் எவ்வளவு நேரம் நின்று அடங்குகிறது என்பதைக் கேளுங்கள். நீங்கள் கேட்பது மரத்தின் குரல். இரண்டாவது: உங்கள் ஊரில் கருவி செய்பவரோ, செப்பனிடுபவரோ, மிருதங்கத்துக்குத் தோல் கட்டுபவரோ இருந்தால், அவர் பட்டறைக்குச் சென்று கேட்டு எழுதுங்கள். அவர் வழங்கும் சொற்கள் பல அகராதியில் இல்லை. மூன்றாவது: இடம் உள்ளவர்கள் ஒரு பலாக்கன்று நடுங்கள். பலா தமிழ்நாட்டின் மாநிலக் கனி. பழத்துக்காக நட்டாலும் குற்றமில்லை. உங்களுக்குச் சுளை கிடைக்கும். உங்கள் பேரனுக்கு வீணை கிடைக்கலாம்.

உங்களுள் இசை பயில்வார் யாரேனும் பிற்காலத்தில் இசையமைப்பாளர் ஆகலாம். மேல்நாட்டார் ஆரஞ்சைப் பற்றி எழுதியதுபோல, நீங்கள் குறும்பலாவைப் பற்றி நால்வருக்கு ஓர் இசை எழுதலாம். மேலகரத்துக் கவிராயர் மலையை எழுதிவிட்டார். சம்பந்தர் மரத்தைப் பாடிவிட்டார். மரமும் காத்து நிற்கிறது. அது பாடுவதற்கு ஒரு புதிய பாட்டு வேண்டும். அதனைப் பாடச் செய்ய ஒரு கை வேண்டும். இரண்டும் உங்களிடமிருந்து வரட்டும்.